வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி: மிச்சிகன் அரசியல் சட்டத்தைத் திருத்தி எழுதலாமா?

2026 நவம்பர் 3-ஆம் தேதி மிச்சிகனில் வாக்களிக்கப் போகிறவர்கள் கவர்னர், அமெரிக்க செனட் என்று பெரிய பதவிகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அதே சீட்டில், பதவிகளெல்லாம் முடிந்த பிறகு, பெரும்பாலும் பின்பக்கத்தில், இன்னொரு கேள்வி இருக்கும். மாநில அரசியல் சட்டத்தை முழுமையாகத் திருத்தி எழுத ஒரு சபையைக் கூட்டலாமா? ஆம், இல்லை, அவ்வளவுதான்.

இதை யாரும் கையெழுத்து வாங்கிக் கொண்டுவரவில்லை. சட்டமன்றமும் தீர்மானம் போட்டு அனுப்பவில்லை. 1963-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, 3-ஆம் உட்பிரிவு, 1978-இலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு பதினாறாவது ஆண்டிலும் மக்களிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது. 1978, 1994, 2010 என மூன்று முறை கேட்டாகிவிட்டது. மூன்று முறையும் பதில் "இல்லை". 2010-இல் வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள்.

இந்தச் சபையை இங்கே செய்திகளில் "கான்-கான்" என்று சுருக்கிச் சொல்வார்கள். நேராக மொழிபெயர்த்தால் "அரசியலமைப்பு மாநாடு". ஆனால் மாநாடு என்றதும் நமக்குப் பந்தலும் மேடையும்தான் கண்முன் வரும். நமக்குப் பழகிய சொல் "அரசியல் நிர்ணய சபை", அதனால் இங்கே நிர்ணய சபை என்றே எழுதுகிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. இந்தியாவின் நிர்ணய சபைக்கு மாகாணச் சட்டமன்றங்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. எழுதி முடித்த சட்டமும் மக்கள் வாக்கெடுப்புக்கு வரவில்லை. மிச்சிகனில் மக்கள் மூன்று தடவை வாக்களிக்க வேண்டும். சபை கூட்டலாமா என்பது முதல் வாக்கு. அதில் யார் உட்காருவது என்பது இரண்டாவது. எழுதி வந்ததை ஏற்கிறோமா என்பது மூன்றாவது. இந்த நவம்பரில் கேட்கப்படுவது முதலாவது மட்டும். "ஆம்" என்று போட்டால் மறுநாளே புதிய சட்டம் வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு, எப்படியும் கடைசியில் மக்களிடம்தானே வரும், இப்போது எதைப் போட்டால் என்ன என்று நினைப்பதும் தவறு.

"ஆம்" வென்றால் என்ன நடக்கும்? முடிவு சான்றளிக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடத்த வேண்டும். நவம்பர் கடைசியில் சான்றளிக்கிறார்கள் என்று கொண்டால், 2027 மே மாத இறுதிக்குள். கீழவைத் தொகுதி ஒன்றுக்கு ஒருவர், செனட் தொகுதி ஒன்றுக்கு ஒருவர். 110-உம் 38-உம் சேர்ந்து 148 உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பார். இது கட்சி அடிப்படையிலான தேர்தல் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் அந்த ஆறு மாதத்துக்குள், பனிக்காலத்தின் நடுவிலேயே, நடந்து முடிய வேண்டும். கவர்னர் தேர்தலுக்கு வருகிற கூட்டம் வசந்த காலத்து உதிரித் தேர்தலுக்கு வராது. இதை ஆழமாக யோசிக்க வேண்டும். நவம்பரில் பெருங்கூட்டம் "ஆம்" சொல்லி, சில மாதம் கழித்துச் சிறு கூட்டம் 148 பேரை அனுப்பி வைக்கும் நிலை வரலாம்.

அந்த 148 பேரும் அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை, அதாவது 2027 அக்டோபர் 5-ஆம் தேதி, மாநிலத் தலைநகர் லான்சிங்கில் கூடுவார்கள். சட்டம் இயற்றி அதற்கு முன்பே கூட்டவும் வழியுண்டு. தலைவரையும் அலுவலர்களையும் சபையே அமர்த்திக்கொள்ளும், விதிகளையும் அதுவே வகுத்துக்கொள்ளும். உறுப்பினர்களின் ஊதியத்தைச் சட்டம் நிர்ணயிக்கும். இடையில் ஓர் இடம் காலியானால், அதே தொகுதியைச் சேர்ந்த, அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரைக் கவர்னர் நியமிப்பார். எந்த முன்மொழிவும் நிறைவேற, அன்று அவைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, பதவியில் இருக்கும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். 148 பேரும் இருந்தால் 75 வாக்குகள். யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு குறிப்பேட்டில் ஏறும். சபை கலைந்து 90 நாளாவது ஆன பிறகுதான் மக்கள் வாக்கெடுப்பு நடக்கலாம். அதில் பெரும்பான்மை கிடைத்தால் புதிய சட்டம். கிடைக்காவிட்டால் 1963 சட்டமே தொடரும்.

இனி எண்ணிக்கை. பலரும் கவனிக்காத இடம் இதுதான், ஒரு கேள்வியின் தலைவிதியே இதில் மாறியிருக்கிறது.

மிச்சிகனில் இந்தக் கேள்விக்குப் பதில் போட்டவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். வெற்றாக விட்ட சீட்டு "ஆம்" பக்கமும் சேராது, "இல்லை" பக்கமும் சேராது. முன்பு அப்படி இல்லை. அன்று தேர்தலுக்கு வந்த மொத்த வாக்காளர்களில் பெரும்பான்மை தேவைப்பட்டது. 1948-இலும் 1958-இலும் "ஆம்" வாக்குகளே அதிகம் விழுந்தன, ஆனாலும் கேள்வி தோற்றது, ஏனென்றால் மேலே பதவிகளுக்கு வாக்களித்துவிட்டுக் கீழே வராமல் போனவர்கள் எல்லாரும் கணக்கில் "இல்லை" ஆனார்கள். 1960-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து அந்த விதியை மாற்றிய பிறகுதான், 1961 ஏப்ரலில் சுமார் 23,000 வாக்கு வித்தியாசத்தில் "ஆம்" வென்றது. இன்றைய மிச்சிகன் சட்டம் பிறந்ததே அந்த விதிமாற்றத்தால்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் இதன் கனம் இன்னும் தெரியும். மேரிலாந்தில் 2010-இல் பதில் போட்டவர்களில் 54 விழுக்காட்டினர் "ஆம்" என்றார்கள். சபை கூடவில்லை. அங்கே இன்னும் தேர்தலில் வாக்களித்த மொத்தப் பேரில் பெரும்பான்மை வேண்டும். ஹவாயில் 1996-இல் "ஆம்" 1,63,869, "இல்லை" 1,60,153. வென்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் 45,245 சீட்டுகள் அந்த இடத்தில் வெற்றாக இருந்தன. அவற்றையும் பதிவான சீட்டாகவே எண்ண வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஆம்" பாதியைத் தொடவில்லை, கேள்வி தோற்றது. எதுவும் போடாமல் போன 45,000 பேர்தான் முடிவு செய்தார்கள், அதுவும் தெரியாமலே. நியூயார்க்கில் வெற்றுச் சீட்டு கணக்கில் சேராது, ஆனாலும் 1997-இல் அங்கே "ஆம்", "இல்லை" இரண்டையும்விட வெற்றாக விடப்பட்ட சீட்டுகளே அதிகம்.

மிச்சிகன் வாக்காளர் இங்கே செய்யும் வழக்கமான பிழை ஒன்று உண்டு. சீட்டின் மேலே கட்சியின் பெயருக்கு நேரே ஒரே ஒரு வட்டத்தைக் கருப்பாக்கினால், அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் எல்லாருக்கும் வாக்குப் போய்ச் சேரும். அதோடு வேலை முடிந்தது என்று சீட்டை இயந்திரத்தில் நுழைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு வட்டம் கட்சி சாராத பதவிகளுக்கும் செல்லாது, முன்மொழிவுகளுக்கும் செல்லாது. நீதிபதிகளையும் இந்தக் கேள்வியையும் தனித்தனியாகப் பார்த்துப் போட வேண்டும். சீட்டைத் திருப்புங்கள், கடைசி வரி வரை போங்கள். ஒரு பக்கமும் வட்டம் நிரப்பவில்லை என்றால், டெட்ராய்டைச் சுற்றியுள்ள நோவை, கேன்டன், ட்ராய் பக்கத்தில் இருக்கும் உங்கள் தெருவுக்கான முடிவை வேறு யாரோ எடுப்பார்கள். "ஆம்", "இல்லை" இரண்டையும் நிரப்பினாலும் அந்தக் கேள்விக்கான வாக்கு வீண்.

கேள்வி எப்படி எழுதப்படுகிறது என்பது அடுத்தது. 2010-இல் இது 10-1 என்ற எண்ணோடு வந்தது. அரசியல் சட்டத்தின் பொதுவான திருத்தத்தை வரைந்து, மக்களின் ஏற்புக்கோ மறுப்புக்கோ வைக்க, 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் சபையைக் கூட்டலாமா என்று கேட்டது. நேர்மையான வாசகம், கடைசி முடிவு மக்களுடையது என்பதையும் அதிலேயே சொல்லிவிட்டது. இப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா சாட்சி. 1970-இல் அங்கே கேள்வியின் தொடக்கத்தில், "அலாஸ்கா அரசியல் சட்டம் 13-ஆம் பிரிவு 3-ஆம் உட்பிரிவின்படி தேவையானவாறு" என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிட்டார்கள். சட்டத்துக்குத் தேவையானது கேள்வி கேட்பது. ஆனால் படிப்பவருக்கு, சபை கூட்டுவதே சட்டத்தின் கட்டளை போலத் தோன்றும். "ஆம்" 34,911, "இல்லை" 34,472. வித்தியாசம் வெறும் 439. வாசகம் திசைதிருப்புகிறது என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. 1972-இல் அந்தச் சொற்றொடரை எடுத்துவிட்டு மறுபடி கேட்டபோது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் "இல்லை" என்றார்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் மக்கள் மனமும் கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனால் ஒரு சொற்றொடரின் எடை அதில் நிச்சயம் இருக்கிறது.

இல்லினாயில் 2008-இல் இன்னொரு விதமாக நடந்தது. பதில் போடாவிட்டால் அது எதிர் வாக்குக்குச் சமம் என்று சீட்டின் விளக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அங்கே சபை கூட இரண்டு வழிகள் உண்டு: கேள்விக்குப் பதில் போட்டவர்களில் ஐந்தில் மூன்று பங்கு, அல்லது தேர்தலில் வாக்களித்த மொத்தப் பேரில் பெரும்பான்மை. முதல் வழியில் வெற்றுச் சீட்டு எதிர் வாக்கே அல்ல. வழக்குப் போனது, நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்றது. அதற்குள் சீட்டுகள் அச்சாகிவிட்டதால், திருத்தம் எழுதிய துண்டுத்தாளை வாக்குச்சாவடியில் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டியதாயிற்று. இல்லினாயில் இதே கேள்வி 2028-இல் மறுபடி வருகிறது.

சரி, கேள்வியின் உள்ளே போவோம். எதை மாற்றுவது? எதை வேண்டுமானாலும். "பொதுவான திருத்தம்" என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். வரியை மட்டும் பாருங்கள், பள்ளிக்கூடத்தை மட்டும் பாருங்கள் என்று வாக்காளர் வேலி போட முடியாது. இந்தக் கதவு திறந்தால் எல்லா அறைகளும் திறக்கும்.

அந்த அறைகளில் என்ன இருக்கிறது என்று சிலவற்றையாவது சொல்கிறேன், ஏனென்றால் இவை மாத வரவு செலவைத் தொடுபவை. மிச்சிகனில் படிநிலை வருமான வரி போடக் கூடாது என்று அரசியல் சட்டமே தடுக்கிறது. கோடீசுவரரும் கடைநிலை ஊழியரும் ஒரே விகிதம். மாற்ற விரும்புகிறவர்களுக்கு "ஆம்" சொல்ல இது பெரிய காரணம், அப்படியே இருக்கட்டும் என்பவர்களுக்கு "இல்லை" சொல்ல. விற்பனை வரி 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அங்கேதான் இருக்கிறது. வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சந்தை விலை எவ்வளவு ஏறினாலும், வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 5 விழுக்காடு அல்லது பணவீக்க விகிதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கைமாறும்போதுதான் அந்தக் கட்டு அவிழும். பழைய உரிமையாளர் கட்டிய வரியைப் பார்த்துவிட்டு வீடு வாங்கியவர்கள், மறு ஆண்டு வந்த வரிச்சீட்டைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். 1994-இல் வாக்காளர்கள் போட்ட கட்டு அது. அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதியத்தில் ஏற்கெனவே சேர்ந்த பயன்களைக் குறைக்கக் கூடாது என்ற காப்பு, மரண தண்டனைத் தடை, 13 பேர் கொண்ட தொகுதி வரையறை ஆணையம், 2022-இல் சேர்ந்த, கருக்கலைப்பையும் உள்ளடக்கிய இனப்பெருக்க உரிமை எல்லாம் அதே ஏட்டில்தான். வலதுசாரியோ இடதுசாரியோ, ஒவ்வொரு தரப்பும் பாடுபட்டு உள்ளே வைத்த ஏதாவது ஒன்று இருக்கிறது. ஒன்றைப் பெறும் ஆசையைவிட இருப்பதை இழக்கும் அச்சம் பெரிது. மூன்று முறையும் "இல்லை" வென்றதற்கு மக்களின் மெத்தனத்தைக் காரணம் சொல்வதை நான் ஏற்கவில்லை.

சபை கூடினால் நல்லது நடக்காது என்று இதற்குப் பொருள் அல்ல. 1961 அக்டோபரிலிருந்து 1962 ஆகஸ்ட் வரை உட்கார்ந்த 144 பேர் சிறிய வேலை செய்யவில்லை. கவர்னர் பதவிக்காலத்தை இரண்டு ஆண்டிலிருந்து நான்காக்கினார்கள், சிதறிக் கிடந்த அரசு அமைப்புகளை 20 துறைகளுக்குள் அடக்கினார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கினார்கள், குடிமக்கள் உரிமை ஆணையத்தை அரசியல் சட்டத்திலேயே நிறுவினார்கள். பின்னாளில் கவர்னரான ஜார்ஜ் ராம்னி அந்தச் சபையின் துணைத் தலைவர்களில் ஒருவர். பின்னாளில் டெட்ராய்ட் மேயரான கோல்மன் யங்கும் உறுப்பினராக இருந்தார். ஆனால் அந்தச் சபையில் குடியரசுக் கட்சியினர் 99, ஜனநாயகக் கட்சியினர் 45. அன்றைய தொகுதிகள் மக்கள்தொகைக்குப் பொருந்தாமல், ஊர்ப்புறத்துக்குச் சாய்வாக இருந்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. சபை அந்தத் தொகுதிகளை வைத்தே தேர்ந்தெடுக்கப்பட்டு, செனட் தொகுதிகளைப் பிரிக்க மக்கள்தொகையோடு நிலப்பரப்பையும் சேர்த்து ஒரு கணக்கை எழுதியது. ஒருவருக்கு ஒரு வாக்கு, அதாவது தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964-இல் உறுதிப்படுத்தியதும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. மாநில மக்களே ஏற்றாலும் கூட்டாட்சி அரசியல் சட்டத்துக்கு முரணானது தங்காது. 1963 ஏப்ரலில் அந்தச் சட்டத்தை மக்கள் ஏற்றதே மயிரிழையில்தான்: ஆதரவு 8,10,860, எதிர்ப்பு 8,03,436.

எழுதி முடித்ததை எப்படிக் கட்டிக் கொடுப்பது என்பதையும் சபையே முடிவு செய்யும். முழுச் சட்டத்தையும் ஒரே கேள்வியாக வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். நியூயார்க் இரண்டையும் செய்து பார்த்த மாநிலம். 1938 சபை தன் திருத்தங்களை ஒன்பது கேள்விகளாகப் பிரித்து வைத்தது, ஆறு நிறைவேறின. 1967 சபை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது. மதச் சார்புள்ள பள்ளிகளுக்குப் பொதுப் பணம் போவதைத் தடுத்த பிரிவை நீக்கியதும் அந்த மூட்டைக்குள் இருந்தது. அதை எதிர்த்தவர்கள் மூட்டை முழுவதையும் தள்ளினார்கள், மாதக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் போயிற்று. இல்லினாய் 1970-இல் அந்தப் பாடத்தைப் படித்திருந்தது. முக்கியச் சட்டத்தைத் தனியாகவும், தகராறுக்குரிய நான்கு விஷயங்களைத் தனித்தனியாகவும் வைத்தது. மரண தண்டனை ஒழிப்பும் 18 வயது வாக்குரிமையும் அன்று தோற்றன, சட்டம் பிழைத்தது. மிச்சிகனில் சபை கூடும் நிலை வந்தால், உறுப்பினராக நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: பிரித்து வைப்பீர்களா, மூட்டையாகவா?

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். மிச்சிகனில் இந்த முறை "இல்லை" என்பதே சரி என்று நினைக்கிறேன். இங்கே மக்களுக்கு வேறு கதவு திறந்தே இருக்கிறது. கடந்த கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 விழுக்காடு, இப்போதைய கணக்கில் 4,46,198 கையெழுத்து, சேர்த்தால் ஒரு குறிப்பிட்ட திருத்தத்தை நேரே வாக்குச்சீட்டில் ஏற்றலாம். தொகுதி வரையறை ஆணையம் 2018-இல் அப்படித்தான் வந்தது. ஒரு பிரிவை மாற்ற ஒரு பிரிவைத் தொட்டால் போதும். நியூயார்க்கில் அந்த வழி இல்லை. அங்கே சட்டமன்றத்தைத் தாண்டி மக்களுக்கு இருக்கும் ஒரே பாதை 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும் இந்தக் கேள்விதான். 2017-இல் அங்கே "இல்லை" பெருவாரியாக வென்றது எனக்கு வருத்தமே. அடுத்த வாய்ப்பு 2037-இல்.

ஆனால் "இல்லை" போடுகிறவர்களும், இந்தக் கேள்வியையே எடுத்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால் எதிர்க்க வேண்டும். ஆட்சியில் இருப்பவர்கள் தங்கள் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்தைத் தாங்களே கொண்டுவருவது அரிது. அவர்களைக் கேட்காமல் குறித்த ஆண்டில் தானாக வரும் கேள்வி என்பது 14 மாநிலங்களில் மட்டும் இருக்கும் அரிய உரிமை. ஒக்லஹோமாவில் அது ஏட்டில் இருந்தும் 1970-க்குப் பிறகு வாக்குச்சீட்டுக்கு வரவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது, கேட்காவிட்டால் யார் கேட்பது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

ரோட் ஐலண்டிடமிருந்து மிச்சிகன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இந்த வாக்கெடுப்புக்கு முன்னால், இரு கட்சியினரும் அடங்கிய ஆயத்தக் குழு ஒன்று அமைந்து, சபை கூடினால் எவற்றையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம் என்று தகவல் திரட்டித் தர வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1984-இல் "ஆம்" சொல்லி, 1986-இல் சபை கூட்டி, 14 கேள்விகளை மக்கள் முன் வைத்து, அதில் 8 நிறைவேறிய மாநிலம் அது. தானாக வரும் கேள்விக்கு "ஆம்" சொல்லி ஒரு மாநிலம் சபை கூட்டியது அதோடு நின்றுவிட்டது. 2024-இல் ரோட் ஐலண்ட் மக்களும் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு மாதிரி வாக்குச்சீட்டு மாநிலச் செயலாளரின் தளத்தில் கிடைக்கும். இந்தக் கேள்வியின் வாசகத்தை வீட்டிலேயே ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். "பொதுவான திருத்தம்" என்ற சொல் இருக்கிறதா, கடைசி ஏற்பு மக்களிடம் என்று சொல்கிறதா, எந்த ஆண்டு கூடும் என்று குறிப்பிடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் புதிதாகக் குடியுரிமை வாங்கி முதன்முறை வாக்களிக்கும் அம்மா அப்பா இருந்தால், கட்சி வட்டத்தோடு வேலை முடியவில்லை என்பதையும் சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். இந்த முறை "இல்லை" வென்றால், இதே கேள்வி மிச்சிகனில் மறுபடி வருவது 2042 நவம்பரில்.